ஒரே இரவில் பிரிந்த குடும்பத்தைத் தேடுவது எப்படி? காலனி கால அமெரிக்க எல்லைப்புறச் சிறைபிடிப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1704 பிப்ரவரி 29. மாசசூசெட்ஸ் காலனியின் வடமேற்கு ஓரத்தில் இருந்த டீர்ஃபீல்டு கிராமம் இன்னும் விழிக்கவில்லை. மதிலை ஒட்டிப் பனி குவிந்து கிடந்ததால் ஏறிக் குதிப்பது எளிதாக இருந்தது. பிரெஞ்சுப் படையினரும் அவர்களோடு கூட்டணியில் இருந்த பூர்வகுடி வீரர்களும் உள்ளே இறங்கினார்கள். சுமார் ஐம்பது பேர் கொல்லப்பட்டார்கள். 112 பேர் சிறைபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 300 மைல் பனியில் நடந்தே கனடாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அதில் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பாதிரியார் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சின்னப் பிள்ளைகள் அன்று வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் பிரசவித்திருந்த அவர் மனைவி, நடக்க முடியாமல் தடுமாறியதால் வழியில் இரண்டாம் நாளே கொல்லப்பட்டார். வில்லியம்ஸும் ஐந்து பிள்ளைகளும் கனடா போய்ச் சேர்ந்தார்கள். மூத்த மகன் அன்று ஊரில் இல்லாததால் தப்பினான். 1706 இறுதிக்குள் தந்தையும் நான்கு பிள்ளைகளும் திரும்பிவிட்டார்கள். ஏழு வயதில் பிடிபட்ட யூனிஸ் மட்டும் வாழ்வதற்காகத் திரும்பி வரவே இல்லை. மாண்ட்ரியலுக்கு எதிர்க்கரையில் உள்ள கானவாகே என்ற மோஹாக் கிராமத்தில் வளர்ந்து, அங்கேயே மணந்து, 1785இல் அங்கேயே இறந்தார்.

வில்லியம்ஸ் குடும்பம் படித்த குடும்பம். நாட்குறிப்பு, கடிதம், அச்சிட்ட நூல் எல்லாம் விட்டுச்சென்றது. அதனால் யூனிஸின் தடம் நமக்குத் தெரிகிறது. அப்படி எதையும் விட்டுச்செல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்களை எப்படித் தேடுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. வம்சாவளி ஆய்வில் ஈடுபடுகிறவர்கள், அமெரிக்க வரலாறு படிக்கும் மாணவர்கள், இந்தக் காலத்தைப் பின்னணியாக வைத்து எழுத நினைப்பவர்கள் எல்லோருக்கும் உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறைபோனவரின் பெயர், மொழி, மதம், நாடு எல்லாமே சில மாதங்களில் மாறிவிடும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் எல்லையோடு தடம் நின்றுவிடும். அவரைச் சுற்றி இருந்த மனிதர்களைப் பிடித்துக்கொண்டால் எல்லையைத் தாண்டலாம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் செய்யத்தான்.

படி 1: எந்தப் போர், யார் பிடித்தார்கள்?

"செவ்விந்தியர்கள் பிடித்துப் போனார்கள்" என்று ஒரு குடும்பக் கதை இருந்தால், அதில் உருப்படியான தகவல் ஒன்றும் இல்லை. எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தெரிந்தால்தான் அவர்களை எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்று கணிக்க முடியும்.

1689 முதல் 1748 வரை நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடந்த தாக்குதல்களில் பிடிபட்டவர்களைப் பெரும்பாலும் வடக்கே நியூ பிரான்சுக்கு, அதாவது இன்றைய கியூபெக்குக்குக் கொண்டுபோனார்கள். 1755 முதல் 1764 வரை பென்சில்வேனியா, வர்ஜீனியா எல்லைகளில் பிடிபட்டவர்கள் மேற்கே ஒஹாயோ பள்ளத்தாக்குக்குப் போனார்கள். முதல் வகைக்குப் பிரெஞ்சு மொழிப் பங்குப் பதிவேடுகள் (பங்கு என்பது ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) இருக்கின்றன. இரண்டாம் வகைக்கு ராணுவப் பட்டியல்கள், உடன்படிக்கைக் கூட்டக் குறிப்புகள், செய்தித்தாள்கள், ஜெர்மன் பாதிரியார்களின் கடிதங்கள் இருக்கின்றன. தேடும் இடமே வேறு.

அடுத்து, பிடித்தவர் யார்? இது பலரும் கவனிக்காமல் விடும் கேள்வி. சிறைப்பட்டவர் பொதுவாகத் தம்மைப் பிடித்த வீரரின் பொறுப்பில், அவருடைய ஊருக்கே போவார். டீர்ஃபீல்டு தாக்குதலில் கானவாகே மோஹாக்குகள், அபெனாக்கிகள், லொரெட் கிராமத்து வெண்டாட்டுகள் என்று பல சமூகத்தினர் இருந்தார்கள். அதனால்தான் ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்துபோனார்கள். யூனிஸ் கானவாகேக்குப் போக, அவள் அண்ணன் ஸ்டீபன் அபெனாக்கிகளோடு காடுகளில் மாதக்கணக்கில் அலைந்துவிட்டுத்தான் கனடா போய்ச் சேர்ந்தான். உங்கள் குடும்பத்தில் நான்கு பேர் பிடிபட்டிருந்தால், நான்கு தனித்தனித் தேடல்கள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காலண்டரைச் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் தேடலைத் தொடங்கவே கூடாது. 1752 வரை இங்கிலாந்தும் அதன் காலனிகளும் பழைய ஜூலியன் காலண்டரைப் பின்பற்றின. கனடாவில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் காலண்டரைப் பின்பற்றினார்கள். 1700க்குப் பிறகு இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம்; அதற்கு முன் 10 நாள். டீர்ஃபீல்டின் பிப்ரவரி 29, கனடாவில் மார்ச் 11.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலேயருக்கு அப்போது புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல்தான். எனவே டீர்ஃபீல்டு தாக்குதலை அந்த ஊர்க்காரர் எழுதினால் 1703 பிப்ரவரி என்றே எழுதியிருக்கக்கூடும். கவனமானவர்கள் 1703/4 என்று இரட்டையாக எழுதினார்கள். ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள எந்தத் தேதியைப் பார்த்தாலும் எந்தக் கணக்கில் எழுதியது என்று கேளுங்கள். குழந்தை பிறந்த ஆண்டு ஒன்று கூடக் குறைய இருப்பதாகத் தோன்றி, இவள் நம் பெண் இல்லை என்று ஒதுக்கிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் "பழைய கணக்கு", "புதிய கணக்கு" என்று எழுதி வையுங்கள்.

படி 3: தாக்குதலுக்கு முந்தைய நாள் குடும்பத்தை முழுதாகக் கட்டுங்கள்

காணாமல்போன ஒருவரைத் தேடுவதற்கு முன், அந்த வீட்டில் அன்று யார் யார் இருந்தார்கள், என்ன வயது, பக்கத்து வீட்டில் யார் என்பதெல்லாம் தெரிய வேண்டும். தாய், தந்தை பெயர் மட்டும் போதாது. தாயின் பிறந்த வீட்டுப் பெயர், மாமா, சித்தி, ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்), அண்டை வீட்டார் எல்லாம் வேண்டும்.

மாசசூசெட்ஸுக்கு இது ஓரளவு எளிது. நகரங்களின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் 1850 வரை ஊர் ஊராக அச்சில் வந்திருக்கின்றன. நிலப் பத்திரங்களும் சொத்துப் பங்கீட்டு ஆவணங்களும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. பென்சில்வேனியாவில் அரசுப் பிறப்புப் பதிவு கிடையாது. அங்கே நில விண்ணப்பங்கள், வரிப் பட்டியல்கள், லுத்தரன் மற்றும் சீர்திருத்தச் சபைப் பாதிரியார்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் ஆகியவற்றில் இருந்துதான் குடும்பத்தைக் கட்ட வேண்டும். ஜெர்மன் குடும்பம் என்றால் இன்னொரு வழியும் உண்டு: 1727 முதல் பிலடெல்பியாவில் கப்பல் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்கள் அச்சில் இருக்கின்றன.

இந்த இடத்தில் உயில்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தத் தேடலில் மனதை இவ்வளவு பிசையும் ஆவணம் வேறில்லை, இவ்வளவு பயனுள்ளதும் வேறில்லை. 1707இல் குரோட்டன் ஊரில் தாமஸ் டார்பெல் என்பவரின் மூன்று பிள்ளைகள் பிடிபட்டார்கள்: சாரா, ஜான், சக்கரையா. தந்தை எழுதிய உயிலில், பிடித்துச் செல்லப்பட்ட அந்த மூவருக்கும் திரும்பி வந்தால் தருவதற்கென்று பங்கு ஒதுக்கியிருந்தார். மெய்ன் பகுதியில் வெல்ஸ் என்ற ஊரில் 1703இல் ஏழு வயதில் பிடிபட்டவள் எஸ்தர் வீல்ரைட். அவள் தந்தை ஜானின் உயிலும் இதே மாதிரிதான்: முப்பது ஆண்டுக்கு மேல் ஊரில் இல்லாத மகள், கனடாவில் உயிரோடு இருந்து, இங்கே திரும்பிவந்து குடியேறினால், அவளுக்கு ஒரு தொகை. எஸ்தர் அதற்குள் கியூபெக்கில் உர்சுலைன் கன்னியர் மடத்தில் துறவியாகியிருந்தார். பின்னாளில் 1760இல் அந்த மடத்தின் தலைவியாகவே ஆனார்.

இத்தகைய உயில்கள் ஒரே நேரத்தில் மூன்று தகவல் தருகின்றன. பிள்ளை பிடிபட்டது உறுதியாகிறது. உயில் எழுதிய நாள்வரை திரும்பவில்லை என்பது தெரிகிறது. இறந்துவிட்டதாகக் குடும்பம் நம்பவில்லை என்பதும் தெரிகிறது. பெற்றோர் உயிலோடு நிறுத்தாமல் தாத்தா, பாட்டி, திருமணமாகாத அத்தை, மாமா உயில்களையும் எடுத்துப் படியுங்கள்.

படி 4: தாக்குதலுக்குப் பிந்தைய காகிதங்கள்

தாக்குதல் முடிந்த சில வாரங்களிலேயே பட்டியல்கள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள்: செத்தவர், பிடிபட்டவர், தப்பியவர். டீர்ஃபீல்டுக்கு அப்படிப் பட்டியல்கள் இருக்கின்றன. வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டிக்கு, 1754 முதல் 1758 வரை கொல்லப்பட்டவர்களையும் பிடிபட்டவர்களையும் வில்லியம் பிரெஸ்டன் பதிவுசெய்த பட்டியல் இருக்கிறது. அது இன்று விஸ்கான்சின் மாநில வரலாற்றுக் கழகத்தில் டிரேப்பர் தொகுப்பில் உள்ளது. வர்ஜீனியா ஆவணம் விஸ்கான்சினில் இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டில் லைமன் டிரேப்பர் எல்லைப்புறக் காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்து அங்கே கொண்டுபோனதுதான் காரணம். எல்லைப்புறக் குடும்பம் என்றால் அந்தத் தொகுப்பைப் பார்க்காமல் விடாதீர்கள்.

அப்புறம் மனுக்கள். மீட்புத்தொகை கட்ட உதவி கேட்டும், வரி தள்ளுபடி கேட்டும், கனடா போய்வந்த செலவைத் திருப்பிக் கேட்டும் மக்கள் சட்டமன்றத்துக்கு எழுதினார்கள். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தில் இவை குவிந்துகிடக்கின்றன. டீர்ஃபீல்டைச் சேர்ந்த ஜான் ஷெல்டன் என்பவர் 1705 முதல் 1707 வரை மூன்று முறை கனடாவுக்குப் போய்ச் சிறைப்பட்டவர்களை மீட்டுவந்தார். அப்படிப்பட்டவரின் செலவுக் கணக்கில் யாரை எங்கே சந்தித்தார், யாருக்கு என்ன வாங்கித் தந்தார் என்ற விவரம் எல்லாம் வரும். 1713-14இல் ஜான் ஸ்டாடர்டும் ஜான் வில்லியம்ஸும் அதிகாரபூர்வமாகப் போன பயணத்தின் நாட்குறிப்பும் அப்படித்தான். யார் வர மறுத்தார்கள் என்பதை அதில் இருந்து அறியலாம். மறுத்தவர்களின் பெயர்தான் நமக்கு முக்கியம், ஏனென்றால் அவர்கள்தான் அடுத்து பிரெஞ்சுப் பதிவேடுகளில் தோன்றப் போகிறவர்கள்.

படி 5: எல்லையைத் தாண்டிக் கியூபெக் பதிவேடுகளுக்குள்

தேடல் உண்மையிலேயே சூடுபிடிக்கும் இடம் இது. நியூ பிரான்சின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தக் காலத்துக்கு அசாத்தியமான தரம். பெரும்பகுதி அழியாமல் இருக்கிறது, இணையத்தில் பட வடிவில் இருக்கிறது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் இவற்றைக் குடும்பம் குடும்பமாக இணைத்துத் தரவுத்தளமாக்கியிருக்கிறது. டிரூவான் தொகுப்பில் பதிவேட்டுப் பக்கங்களின் படங்களைப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவும் கிடைக்கும்.

முதலில் தேட வேண்டியது நிபந்தனை ஞானஸ்நானம். சிறைப்பட்ட புராட்டஸ்டன்ட் குழந்தை முன்பே முறையாக ஞானஸ்நானம் பெற்றதா என்று தெரியாததால், "ஒருவேளை பெறாமலிருந்தால்" என்ற நிபந்தனையோடு மறுபடி கொடுப்பார்கள். அந்தப் பதிவு வழக்கமானதைவிட நீளமாக இருக்கும். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பிடிபட்ட நாள், இப்போது யார் வீட்டில் இருக்கிறாள் என்பதுவரை எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரும் பெற்றோர் பெயரும் பிரெஞ்சுப் பாதிரியாரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் இருக்கும். எனவே வாய்விட்டு, பிரெஞ்சு உச்சரிப்பில் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத பெயர் காதுக்குப் பிடிபடும்.

சில உதாரணங்கள் பாருங்கள். குரோட்டனைச் சேர்ந்த மத்தியாஸ் ஃபார்ன்ஸ்வர்த் 1704இல் பிடிபட்டார். 1706இல் மாண்ட்ரியலில் ஞானஸ்நானம் பெற்றபோது நகர ஆளுநர் கிளாட் த ராம்சே ஞானத்தந்தையாக நின்றார். அவர் பெயரே இவருக்கும் சேர்ந்து கிளாட்-மத்தியாஸ் ஆனது. குடும்பப் பெயர் தேய்ந்து தேய்ந்து ஃபனஃப் ஆகிவிட்டது. இன்று கியூபெக்கில் உள்ள ஃபனஃப் குடும்பங்கள் எல்லாம் இவர் வழிவந்தவை. டீர்ஃபீல்டின் ஸ்டெபின்ஸ் குடும்பம் ஸ்டெபென் ஆனது. அதே ஊரில் பிடிபட்ட சிறுவன் ஜோசையா ரைசிங், இக்னாஸ் ரெசென் ஆனான். அவன் 1715இல் மணந்தது டீர்ஃபீல்டின் இன்னொரு சிறைப்பிள்ளையான அபிகெய்ல் நிம்ஸை. அவள் பெயரும் அதற்குள் எலிசபெத் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் மோஹாக் பெயர்களும் உண்டு. ஒரே ஆளுக்கு மூன்று மொழியில் மூன்று பெயர் என்றால் தேடுபவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பாருங்கள்.

ஞானத்தந்தை பெயரில் இருந்து குழந்தையின் புதிய பெயர் வருவது வழக்கம் என்பதால், ஞானப்பெற்றோர் யார் என்பதைக் கட்டாயம் குறித்துவையுங்கள். அவர்கள் வீட்டில்தான் அந்தக் குழந்தை வேலைக்காரியாகவோ வளர்ப்புப் பிள்ளையாகவோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த பத்தாண்டில் அந்த வீட்டில் நடந்த கல்யாணங்களின் சாட்சிக் கையொப்பங்களையும் பாருங்கள். சிறைப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி நிற்பதும், ஒருவர் குழந்தைக்கு மற்றவர் ஞானத்தாய் ஆவதும் அடிக்கடி வரும். அந்தக் கூட்டத்தையே ஒரு குடும்பமாகப் பாவித்துத் தேடுங்கள்.

பெண்களைத் தேடுவோருக்கு ஒரு நல்ல செய்தி. ஆங்கிலேயக் காலனிகளில் பெண் மணமானதும் கணவன் குடும்பப் பெயருக்குள் மறைந்துவிடுவாள். நியூ பிரான்சில் சாகும்வரை பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரே நீடிக்கும். அவளுடைய ஒவ்வொரு குழந்தையின் ஞானஸ்நானத்திலும், அவள் அடக்கத்திலும் அந்தப் பெயர் (சிதைந்தாவது) வரும். ஒரே பெண்ணின் பெயர் பத்துப் பதிவில் பத்து விதமாக இருந்தால் பத்தையும் வரிசையாக எழுதி வையுங்கள். அவற்றில் ஒன்று அசல் ஆங்கிலப் பெயருக்கு மிக அருகில் இருக்கும்.

இதோடு 1710இல் பிரெஞ்சு அரசர் பெயரால் குடியுரிமை பெற்ற முன்னாள் சிறைப்பட்டோர் பட்டியல், நோட்டரிகளிடம் எழுதிய திருமண ஒப்பந்தங்கள், கியூபெக்கின் ஓட்டெல்-தியு மருத்துவமனை நோயாளிப் பதிவேடு, கன்னியர் மடங்களின் பதிவுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பூர்வகுடிக் கிராமங்களின் பதிவுகள்

யூனிஸைப் போல மோஹாக், அபெனாக்கி சமூகங்களில் தத்தெடுக்கப்பட்டவர்களைத் தேடுவது கடினம். கானவாகேயின் மிகப் பழைய பதிவேடுகள் கிடைப்பதில்லை, 1735 முதலான பதிவுகளே உள்ளன. யூனிஸ் 1713இல் அரோசென் என்ற மோஹாக் இளைஞரை மணந்திருந்த செய்தி நமக்குத் தெரிவது, அந்த ஆண்டு அவளைப் பார்த்துத் திரும்ப அழைக்கப்போன ஆல்பனிக்காரர் ஜான் ஸ்கைலரின் அறிக்கையால்.

பதிவேடு கிடைத்தால், எழுத்துகளுக்கு நடுவே 8 என்ற எண் வருவதைப் பார்ப்பீர்கள். பிழை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மிஷனரிகள் "ஊ", "வ" போன்ற ஒலியைக் குறிக்க அந்த வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். தரவுத்தளங்களில் தேடும்போது 8 போட்டும், அதற்குப் பதில் பிரெஞ்சு எழுத்துகள் போட்டும் இரண்டு விதமாகத் தேடுங்கள்.

மோஹாக் சமூகம் தாய்வழிச் சமூகம். தத்தெடுக்கப்பட்ட பெண் தன் வளர்ப்புத் தாயின் குலத்தைச் சேர்வாள், அவள் பிள்ளைகளும் அதே குலம். தத்தெடுக்கப்பட்ட ஆணின் பிள்ளைகள் அவன் மனைவியின் குலம். பெயர்கள் குலத்துக்குச் சொந்தம். ஒருவர் இறந்தால் அவர் பெயரை இன்னொருவருக்குச் சூட்டுவார்கள். அதனால் ஒரே பெயரை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் தாங்கியிருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஆள் ஒன்று என்று முடிவுகட்டக் கூடாது.

ஆங்கிலக் குடும்பப் பெயர் அப்படியே நிலைத்த இடங்களும் உண்டு. முன்பு சொன்ன டார்பெல் சகோதரர்கள் கானவாகேயில் வளர்ந்து, பின்னாளில் அக்வசஸ்னே என்ற மோஹாக் குடியேற்றத்தைத் தொடங்கியவர்களுள் இருந்தார்கள். டார்பெல் என்ற குடும்பப் பெயர் இன்றும் அங்கே உண்டு. பென்சில்வேனியாவில் பிடிபட்டு செனெக்கா மக்களோடு வாழ்ந்த மேரி ஜெமிசனின் பிள்ளைகள் தாயின் பெயரையே தாங்கினார்கள், ஜெமிசன் இன்றும் செனெக்காக்களிடையே இருக்கும் பெயர்.

இந்தச் சமூகங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்களுக்கென்று கலாச்சார மையங்களும் வம்சாவளியை நன்கு அறிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். எழுதிக் கேளுங்கள், காத்திருங்கள், கொடுத்ததை அவர்கள் அனுமதியோடு மட்டும் வெளியிடுங்கள்.

படி 7: ஒஹாயோ பக்கம் போனவர்கள்

1764 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் கர்னல் ஹென்றி பூக்கே படையோடு ஒஹாயோ நாட்டுக்குள் போய், மஸ்கிங்கம் ஆற்றோரத்தில் சிறைப்பட்டவர்களை ஒப்படைக்கச் செய்தார். மறு ஆண்டு பிலடெல்பியாவில் அச்சான அறிக்கை 206 பேர் என்கிறது: வர்ஜீனியர் 90, பென்சில்வேனியர் 116. பட்டியல்களில் பலருக்கு முழுப் பெயர் இல்லை. சிலருக்கு முதல் பெயர் மட்டும், சிலருக்குப் பூர்வகுடிப் பெயர் மட்டும். குழந்தையாகப் போனவர்களுக்குத் தங்கள் பெயரே நினைவில்லை. அதற்கு முன்பும் 1762 லான்காஸ்டர் உடன்படிக்கைக் கூட்டம் போன்ற இடங்களில் சிலர் ஒப்படைக்கப்பட்டார்கள், அந்தக் குறிப்புகளும் அச்சில் உண்டு. பென்சில்வேனியா கெஜட் செய்தித்தாளையும், பென்சில்வேனியாவின் பெத்லஹேம் ஊரில் உள்ள மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் காப்பகத்தையும் பாருங்கள்.

தப்பி வந்தவர்களின் வாக்குமூலம் இன்னொரு பொக்கிஷம். 1755 அக்டோபர் 16 அன்று பென்சில்வேனியாவின் பென்ஸ் கிரீக் குடியிருப்பில் பிடிபட்ட மேரி லெராய், பார்பரா லைனிங்கர் என்ற இரு பெண்களும் 1759இல் தப்பித்து வந்தார்கள். அவர்கள் கதை அதே ஆண்டு பிலடெல்பியாவில் ஜெர்மனில் அச்சானது. வழியில் தாங்கள் பார்த்த மற்றச் சிறைப்பட்டவர்களின் பெயர்களையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தவித்த எத்தனை வீடுகளில் அதைப் படித்திருப்பார்கள்!

பார்பராவோடு பிடிபட்ட தங்கை ரெஜினாவின் கதை, ஆதாரங்களை எப்படி ஒப்பிடுவது என்று காட்டுகிறது. லுத்தரன் பாதிரியார் ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு எழுதிய அறிக்கையில் ஒரு விதவையையும் மகள் ரெஜினாவையும் பற்றிச் சொல்கிறார். திரும்பிவந்த பிள்ளைகள் நடுவே தாய் தன் மகளை அடையாளம் காண முடியாமல் நின்று, சிறுவயதில் பாடிக்கொடுத்த ஜெர்மன் ஞானப்பாட்டைப் பாடியபோது மகள் அதை அறிந்துகொண்டாள். பின்னால் வந்தவர்கள் இந்தப் பெண்ணுக்கு ஹார்ட்மன் என்று குடும்பப் பெயர் கொடுத்து, வேறு மாவட்டத்தில் வைத்துக் கதை எழுதினார்கள். ஆனால் மூலன்பெர்க் சொல்லும் விவரங்களையும் 1759 அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே அக்டோபர் 16, மாவு அரைக்க வெளியே போயிருந்த தாய், கொல்லப்பட்ட தந்தையும் மகனும், பிடிபட்ட இரண்டு பெண்கள். லைனிங்கர் குடும்பம்தான் இது என்று பல ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். பிரபலமான பெயரை நம்பித் தேடியவர்கள் இல்லாத ஒரு ஹார்ட்மன் குடும்பத்தைத் தேடி அலைந்திருப்பார்கள்.

ஹாலே என்றதும் தமிழ் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஹாலேயோடு தொடர்புடையவர். தரங்கம்பாடி மிஷனின் அறிக்கைகளும் தமிழ் ஓலைச்சுவடிகளும் சேர்ந்த அதே ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்துக்குத்தான் பென்சில்வேனியாப் பாதிரியார்களின் கடிதங்களும் போய்ச் சேர்ந்தன. ஜெர்மன் படிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர் ஒருவர் அங்கே போனால், தரங்கம்பாடிக் கட்டுக்குப் பக்கத்தில் பென்சில்வேனியாக் கட்டையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம்.

படி 8: கிடைத்ததைச் சோதியுங்கள்

நினைவுக்கும் ஆவணத்துக்கும் முரண்பாடு வந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு விசாரியுங்கள். மேரி ஜெமிசன் எண்பது வயதை நெருங்கியபோது சொல்ல, 1824இல் அச்சான கதையில் பிடிபட்ட ஆண்டு 1755 என்று இருக்கிறது. அக்காலச் செய்திகள்படி அது 1758. அதற்காக அவர் சொன்ன மற்றவை பொய்யாகிவிடாது. வாய்மொழி நினைவு ஆண்டுகளில் தவறும், ஆட்களிலும் இடங்களிலும் பெரும்பாலும் தவறாது என்பது என் கருத்து.

இணையக் குடும்ப மரங்களை எச்சரிக்கையோடு பாருங்கள். "1704இல் இறந்தாள்" என்று ஒருவர் போட்டால் நூறு பேர் நகலெடுத்துவிடுகிறார்கள். பட்டியலில் பெயருக்கு நேரே "திரும்பவில்லை" என்று இருப்பதை "இறந்தாள்" என்று எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். பெருமைக்காகக் கட்டிய வம்சாவளியும் உண்டு. யூனிஸின் வழிவந்த எலியாசர் வில்லியம்ஸ் என்பவரே, தான் பிரெஞ்சுப் புரட்சியில் காணாமல்போன இளவரசன் என்று 19ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொண்டார்.

மரபணுச் சோதனை எந்த இடத்தில் உதவும்? முந்நூறு ஆண்டு என்றால் பத்துத் தலைமுறை. சாதாரணச் சோதனையில் அவ்வளவு தூரத்து மூதாதையின் பங்கு இல்லாமலேகூடப் போயிருக்கலாம். தந்தையிலிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனை, ஃபனஃப் ஆண்களையும் ஃபார்ன்ஸ்வர்த் ஆண்களையும் ஒப்பிடுவது போன்ற கேள்விக்கு நன்றாகப் பொருந்தும். பிடிபட்ட பெண்ணுக்கு, தாய் மகள் வழியில் இறங்கும் மைட்டோகாண்டிரியச் சோதனை. கியூபெக்கில் ஒரு பெண்ணின் நேர் தாய்வழி வாரிசும், நியூ இங்கிலாந்தில் அவள் சகோதரியின் நேர் தாய்வழி வாரிசும் சோதித்துப் பொருந்தினால் அது வலுவான துணை ஆதாரம். ஆவணச் சங்கிலி இல்லாமல் மரபணு மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. ஒரு மோஹாக் முன்னோர் இருப்பதாகத் தெரிந்தால், அதனால் நீங்கள் மோஹாக் சமூகத்தவர் ஆகிவிட மாட்டீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 9: மரத்தில் எப்படி எழுதுவது?

இங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய ஆங்கில நூல்களில் திரும்பாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் "தொலைந்தாள்" என்று எழுதிக் கிளையை வெட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். யூனிஸ் தொலையவில்லை. கணவனோடும் பிள்ளைகளோடும் நீண்ட வாழ்க்கை வாழ்ந்தார். 1740இல் சகோதரர்களை மறுபடி சந்தித்தார், அதன் பிறகும் வந்துபோனார். 1837இல் அவர் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஓர் அபெனாக்கிக் குழு டீர்ஃபீல்டுக்கு வந்து வில்லியம்ஸ் குடும்பக் கல்லறைகளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

எனவே எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள்: பிறந்தபோது வைத்தது, ஞானஸ்நானப் பெயர், பூர்வகுடிப் பெயர், பதிவேடுகளில் வந்த எழுத்து வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று குறியுங்கள். தேதிகளை இரண்டு காலண்டரிலும் போடுங்கள். உறுதியானதையும் ஊகத்தையும் வெவ்வேறு நிறத்தில் வையுங்கள். தேடிப் பார்த்துக் கிடைக்காத பதிவேடுகளையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்து தேடுகிறவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். திரும்பாதவரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கிளையைத் திரும்பியவர்களின் கிளைக்குச் சமமாக வரையுங்கள். பிரெஞ்சுப் பதிவுகளை மொழிபெயர்த்தால் அசல் பிரெஞ்சு வரியையும் எழுத்து மாறாமல் பக்கத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு பிரதியை அந்த ஊரின் வரலாற்றுக் கழகத்துக்கும், இன்னொன்றைக் கியூபெக்கிலோ பூர்வகுடிச் சமூகத்திலோ உங்களுக்கு உதவியவர்களுக்கும் அனுப்புங்கள்.